விமானச் செலவைக் காலேஜே ஏற்கும் ஃப்ளை-இன்: விண்ணப்பம், பயணம், ஆர்வத்தைக் காட்டும் வழி

வேப்பம்பூ:
வணக்கம். அமெரிக்காவில் 11ஆம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைச் சில காலேஜ்கள் தாங்களே விமான டிக்கெட் போட்டு வளாகத்துக்கு வரவழைக்கின்றன. ஃப்ளை-இன் என்கிறார்கள். இதற்கு எப்போது, என்னென்ன கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும்? போய் வந்தால் அட்மிஷனில் எடை கூடுமா? போக முடியாத பிள்ளை தன் ஆர்வத்தை அட்மிஷன் ஆபீசுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோப்புமேசை:
முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலான ஃப்ளை-இன்கள் 12ஆம் வகுப்பின் தொடக்கத்தில், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள் நடக்கும். விண்ணப்பப் பக்கம் அதற்கு முந்தைய ஏப்ரல், மே, ஜூனில் திறக்கும். கடைசித் தேதிகள் ஜூலை, ஆகஸ்டில் குவிந்திருக்கும். ஸ்கூல் திறந்த பிறகு தேட ஆரம்பித்தால் பாதி வாய்ப்பு போய்விட்டிருக்கும். காலேஜ் விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் ஸ்கூல் கவுன்சிலர்கள் கோடை விடுமுறையில் கிடைக்கமாட்டார்கள் என்பது அடுத்த சிக்கல். ஆகவே ஸ்கூல் மூடுவதற்கு முன், மே மாதத்திலேயே, டிரான்ஸ்கிரிப்ட்டின் (ஸ்கூல் தரும் மதிப்பெண் பதிவு) பிடிஎஃப் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவுன்சிலர் நிரப்ப வேண்டிய படிவம் ஏதாவது வரும் என்று அப்போதே சொல்லிவைப்பதும் நல்லது.

தேடுவதற்குச் சில பெயர்கள்: வில்லியம்ஸில் விண்டோஸ் ஆன் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்டில் ஆக்செஸ் டு ஆம்ஹர்ஸ்ட், போடனில் எக்ஸ்ப்ளோர் போடன், பேட்ஸில் ப்ரோலாக் டு பேட்ஸ், ஸ்வார்த்மோரில் டிஸ்கவர் ஸ்வார்த்மோர், கார்ல்டனில் டேஸ்ட் ஆஃப் கார்ல்டன், ஹார்வி மட்டில் ஃபாஸ்ட். பெயரும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் ஒரு காலேஜ் நேர் வருகையை விட்டு ஆன்லைனில் மட்டும் நடத்தும். இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நம்பித் தேதி குறிக்காதீர்கள். பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, தேதியைக் காலேஜின் சொந்த அட்மிஷன் பக்கத்தில் பாருங்கள்.

கேட்பவை வழக்கமாக இவைதான்: டிரான்ஸ்கிரிப்ட், ஒன்றிரண்டு குட்டி எஸ்ஸே (ஒவ்வொன்றும் 150 முதல் 300 சொல்), ஸ்கூல் கவுன்சிலரின் விவரம், குடும்ப வருமானம் பற்றிய கேள்விகள். ஸ்கூலில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறுகிறவரா என்பதே பல இடங்களில் வருமானத்துக்கான முதல் அடையாளம். சில காலேஜ்கள் ஆசிரியர் பரிந்துரையும் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஏற்கப்பட்டால் போக வர டிக்கெட், ஏர்போர்ட்டிலிருந்து வண்டி, ஹாஸ்டல் அறையில் தங்கல், சாப்பாடு எல்லாம் காலேஜ் செலவு. இரண்டு அல்லது மூன்று நாள். கலந்துகொண்ட பிள்ளைகளுக்குப் பின்னால் அப்ளிகேஷன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் காலேஜ்களும் உண்டு.

தாழ்வாரம்:
யாருக்குத் தகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். முன்பெல்லாம் குறிப்பிட்ட இனப் பிரிவினருக்கு மட்டும் என்று இருந்தது. நம் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

மேப்பிள்நிழல்:
2023 ஜூன் 29இல் ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில், அட்மிஷனில் இனத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு, பல காலேஜ்கள் ஃப்ளை-இன் வாசகங்களை மாற்றிவிட்டன. இப்போது "யாரும் விண்ணப்பிக்கலாம், வருமானம் குறைந்த குடும்பம், முதல் தலைமுறைப் பட்டதாரி, கிராமப்புற ஸ்கூல் மாணவர்களுக்கு முன்னுரிமை" என்கிற மாதிரி இருக்கும். பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு ஒதுங்க வேண்டாம்.

தமிழ்க் குடும்பங்கள் தடுமாறும் இடங்கள் வேறு.

முதல் தலைமுறை என்றால், பெற்றோர் இருவரில் ஒருவர்கூடப் பட்டப்படிப்பு முடிக்காதவர் என்று அர்த்தம். அம்மாவோ அப்பாவோ ஊரில் பி.ஏ., பி.எஸ்சி. முடித்திருந்தால், இங்கே அந்தப் பட்டம் வேலைக்கு உதவாமல் போயிருந்தாலும், பிள்ளை முதல் தலைமுறை ஆகாது என்றே பெரும்பாலான காலேஜ்கள் எடுத்துக்கொள்ளும். பாலிடெக்னிக் டிப்ளமோ பட்டம் ஆகாது. அதோடு நின்றவர்களின் பிள்ளை தாராளமாக முதல் தலைமுறை என்று போடலாம். சந்தேகம் இருந்தால் அட்மிஷன் ஆபீசுக்கு இரண்டு வரியில் கேளுங்கள், பதில் போடுவார்கள். வருமானத் தகுதி தனியானது. முதல் தலைமுறை இல்லாவிட்டாலும் வருமானம் குறைவு என்ற ஒன்றை வைத்தே பல இடங்களில் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது விசா. எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை பத்து வருஷம் அமெரிக்க ஸ்கூலில் படித்திருந்தாலும், நிதியுதவி விஷயத்தில் பல காலேஜ்கள் அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவராகவே வைத்துப் பார்க்கும். அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்துக்கும் தகுதி இல்லை. ஃப்ளை-இன் விதியில் "அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தர வசிப்பாளர்" என்று இருந்தால் எச்-4 பிள்ளை அங்கே சேராது. "அமெரிக்க ஹைஸ்கூலில் படிக்கும் எவரும்" என்று இருந்தால் சேரும். இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு எஸ்ஸே எழுத உட்காருங்கள்.

மூன்றாவது பெயர். நம் ஆட்களுக்கு மட்டுமே வருகிற தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், விசாவில் முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்), ஸ்கூல் பதிவில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, பிள்ளை தானாக நிரப்பும் படிவத்தில் இன்ஷியல். ஒரே பிள்ளைக்கு நான்கு வடிவம். காலேஜ் கணினியில் இது இரண்டு மூன்று ஆட்களாகப் பதிவாகிவிடும். ஃப்ளை-இன் போனது ஒரு கோப்பில், அப்ளிகேஷன் இன்னொரு கோப்பில். டிக்கெட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். டிக்கெட் போடும் அட்டையில் உள்ள பெயரையே, அதே எழுத்தில், எல்லாப் படிவத்திலும் போடுங்கள். அழைக்கும் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கும், செல்லப் பெயர் அங்கே போகட்டும்.

கோப்புமேசை:
மேப்பிள் அக்கா சொன்ன பெயர் விஷயத்தோடு மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலேஜ் கணினி ஒருவரை அடையாளம் காண்பதே பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் இவற்றை வைத்துத்தான். ஸ்கூல் கொடுத்த மின்னஞ்சலைப் போட்டால் இரண்டு வகையில் அடி விழும். பல ஸ்கூல் மாவட்டங்கள் வெளி மின்னஞ்சலைத் தடுத்து வைத்திருக்கின்றன, "நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், 5 நாளுக்குள் உறுதிசெய்யுங்கள்" என்ற கடிதமே வந்து சேராது. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்படும். 11ஆம் வகுப்பிலேயே காலேஜ் வேலைக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கி, கடைசிவரை அது ஒன்றையே கொடுக்க வேண்டும்.

நுழைவுச்சீட்டு:
குட்டி எஸ்ஸேதான் பெரும்பாலும் வெட்டு விழும் இடம். 200 சொல்லில் "உங்கள் வளாகத்துக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்" என்று கேட்பார்கள். வருகிற பதில்களில் ஒரு மாதிரி திரும்பத் திரும்ப இருக்கும்: "சிறிய வகுப்புகள், அக்கறையான பேராசிரியர்கள், அழகான வளாகம், பலதரப்பட்ட மாணவர்கள்." காலேஜ் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் போட்டாலும் அந்தப் பத்தி அப்படியே நிற்கும். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே டியூட்டோரியல் என்று ஒரு வகுப்பு முறை உண்டு. இரண்டே மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிப்பார், மற்றவர் அதை விமர்சிப்பார். அடுத்த வாரம் மாறும். இதைப் பற்றி எழுதுகிற பிள்ளை "டியூட்டோரியல் எனக்குப் பிடிக்கும்" என்று நிறுத்தினால் பயன் இல்லை. "ஸ்கூலில் 34 பேர் வகுப்பில் என் கட்டுரைக்கு மதிப்பெண் மட்டும்தான் வரும், யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து என் வாதத்தைப் பிரித்துப் போடும்போது நான் என்ன செய்வேன் என்று பார்க்க வேண்டும், வருகையின்போது டியூட்டோரியல் எடுத்த மாணவர் ஒருவரிடம் பேச விரும்புகிறேன்" என்றால் அதில் ஓர் ஆள் தெரிகிறார். போய் என்ன செய்யப்போகிறார் என்பதும் தெரிகிறது. ஃப்ளை-இன் எஸ்ஸேயில் அந்தக் கடைசிப் பகுதியைப் பலர் எழுதுவதே இல்லை.

இதே மாதிரி ஒவ்வொரு இடத்திலும் பிடிமானம் உண்டு. கொலராடோ காலேஜில் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம். கார்ல்டனில் ஆண்டுக்குப் பத்து வாரம் கொண்ட மூன்று பருவம். கிரின்னெலில் முதலாண்டு டியூட்டோரியல் ஒன்றைத் தவிரப் பொதுக் கட்டாயப் பாடமே கிடையாது. காலேஜ் இணையதளத்தில் பாடப் பட்டியலைத் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கும்.

வேப்பம்பூ:
மிகவும் பயனுள்ளது. இரண்டாவது கேள்வி: போய் வந்த பிள்ளைகளுக்கு அட்மிஷன் அதிகம் கிடைக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

தாழ்வாரம்:
கிடைக்கிறதுதான். அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டுவிட்டுக் காரணமில்லாமல் யார் நிராகரிப்பார்கள்? போகிற பிள்ளைக்கு அரைக் கதவு திறந்த மாதிரி.

கோப்புமேசை:
தாழ்வாரம், இதில் நான் ஒத்துப்போகவில்லை. ஃப்ளை-இன் தேர்வே அட்மிஷன் தேர்வின் சிறு வடிவம். அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே மாதிரி எஸ்ஸே, பல இடங்களில் படிப்பதும் அதே ஆட்கள். அங்கே தேறுகிற பிள்ளை பின்னால் அட்மிஷனிலும் தேறுவதில் வியப்பில்லை. வருகைதான் உள்ளே தள்ளியது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. எம்ஐடி, வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், பொமோனா போன்ற இடங்கள் விண்ணப்பதாரரின் ஆர்வ அளவைக் கணக்கில் எடுப்பதில்லை என்று தாங்களே அறிவித்தவை. அவையும் ஃப்ளை-இன் நடத்தியிருக்கின்றன. காசு உள்ள வீட்டுப் பிள்ளை பத்து வளாகம் சுற்றிப் பார்த்துவிடும், இல்லாத பிள்ளை இணையத்தில் படம் பார்த்தே முடிவெடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த ஏற்பாடு.

விண்ணப்பித்துத் தேர்வாகாத பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஃப்ளை-இன் கிடைக்கவில்லை என்பது அட்மிஷன் மறுப்பு ஆகாது. இடம் சில டஜன்களில்தான் இருக்கும்.

பிள்ளைக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில் வருகிறது. வளாகத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளையின் "ஏன் இந்தக் காலேஜ்" எஸ்ஸே மாறிவிடும். எர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்று ஒப்புக்கொண்டு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) போடலாமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியும்.

தாழ்வாரம்:
அந்த வாதம் சரி. கணக்கில் எடுக்காத காலேஜ்களைப் பொறுத்தவரை நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கும் காலேஜ்களில் நேரில் போனது எடைதானே?

நுழைவுச்சீட்டு:
ஆம், அங்கே எடை. அதனால் முதல் வேலை, எந்தக் காலேஜ் எடுக்கிறது, எது எடுக்கவில்லை என்று பிரிப்பது. இதற்கு ஊகம் தேவையில்லை. பெரும்பாலான காலேஜ்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடும். காலேஜ் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் வரும். அதில் சி என்ற பகுதி, சி7 என்ற அட்டவணை. மதிப்பெண், பரிந்துரை, எஸ்ஸே என்று வரிசையாக இருக்கும். அதன் கடைப்பகுதியில் விண்ணப்பதாரரின் ஆர்வ அளவு என்று ஒரு வரி. எதிரே நான்கு கட்டம்: மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்ளப்படும், கருத்தில் கொள்ளப்படாது. எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பாருங்கள். கடைசி இரண்டு ஆண்டு ஆவணங்களையும் பார்ப்பது நல்லது, குறி இடம் மாறுவதுண்டு.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி, கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எல்லாம் கருத்தில் கொள்ளாத பக்கம். அங்கே பதினைந்து வெபினாரில் உட்கார்ந்தாலும் கோப்பில் ஒன்றும் ஏறாது. அந்த நேரத்தை எஸ்ஸேக்குக் கொடுங்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் யுனிவர்சிட்டி, சிராக்யூஸ் போன்றவை ஆர்வத்துக்குப் பெரிய எடை தருவதாகப் பல ஆண்டு குறித்தவை. நடுத்தர அளவுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைய இந்தப் பக்கம் நிற்கின்றன.

காரணம் எளிது. இடம் கொடுத்த 100 பேரில் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பதை ஈல்டு என்பார்கள். ஹார்வர்டுக்கு அந்தக் கவலை இல்லை, கூப்பிட்டால் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள். ஈல்டு 20, 25 சதவீதத்தில் நிற்கும் காலேஜுக்கு, யார் நிஜமாக வருவார் என்று தெரியாமல் வகுப்பையும் ஹாஸ்டலையும் பட்ஜெட்டையும் திட்டமிட முடியாது. மதிப்பெண் மிக உயர்ந்த பிள்ளை, அந்தக் காலேஜோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாமல் அப்ளிகேஷன் மட்டும் அனுப்பினால், "இவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்" என்று வெயிட்லிஸ்டில் (காத்திருப்போர் பட்டியல்) போடுவது இதனால்தான். மதிப்பெண் உயர உயர ஆர்வம் காட்ட வேண்டிய தேவை கூடுகிறது. பல வீடுகளில் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பனைஓலை:
அவை எதையெல்லாம் பதிகின்றன என்றும் எழுதுங்கோ. மின்னஞ்சலைத் திறந்தால் தெரியும் என்கினம், உண்மையா?

நுழைவுச்சீட்டு:
பாதி உண்மை, பனைஓலை. ஏராளமான அட்மிஷன் ஆபீஸ்கள் ஸ்லேட் என்ற மென்பொருளில் வேலை செய்கின்றன. மின்னஞ்சலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் இருக்கும், அது ஏறினால் கடிதம் திறக்கப்பட்டதாகப் பதிவாகும். ஆனால் 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. அதை இயக்கி வைத்தவர்களின் கடிதங்களில் உள்ள படங்கள் பின்னணியிலேயே இறங்கிவிடும், திறக்காத கடிதமும் திறந்த மாதிரி காட்டும். ஆகவே திறந்த கணக்கு இப்போது நம்பத்தக்கது இல்லை. இணைப்பைச் சொடுக்கியது, நிகழ்ச்சிக்குப் பதிந்தது, வந்தது, போர்ட்டலில் (விண்ணப்ப நிலையைப் பார்க்கக் காலேஜ் தரும் இணையக் கணக்கு) நுழைந்தது இவைதான் உறுதியான பதிவு.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். காலேஜ் இணையதளத்தில் "மேலும் தகவல் வேண்டும்" படிவத்தை நிரப்புங்கள், அங்கேதான் கோப்பு பிறக்கிறது. பிறகு ஆன்லைன் அறிமுகக் கூட்டம் ஒன்று, பிடித்த துறை பற்றிய கூட்டம் ஒன்று. அதே காலேஜின் பிரதிநிதி ஸ்கூலுக்கோ ஊர்க் கண்காட்சிக்கோ வந்தால் போய்ப் பார்த்து, நிகழ்ச்சிக்குப் பதியும்போது கிடைத்த உங்கள் பார்கோடை அவர் ஸ்கேன் செய்தாரா என்று கவனியுங்கள். பேசிவிட்டு ஸ்கேன் செய்யாமல் வந்தால் பதிவு இருக்காது. நேர்முகம் விருப்பத்தேர்வு என்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்கள் சீக்கிரம் நிரம்பும், அக்டோபரில் நினைத்தால் தாமதம். அப்ளிகேஷன் போட்ட பின் போர்ட்டல் கணக்கைத் திறக்காமல் விடுவது பெரிய தவறு. விடுபட்ட ஆவணம் பற்றிய அறிவிப்பும் அங்கேதான் வரும்.

சொந்தமாக வளாகம் போனால், அட்மிஷன் ஆபீசில் பதிந்து டூர் போங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் போய்ச் சுற்றிவிட்டு வந்தால் அது யாருக்கும் தெரியாது. தொலைவில் இருப்பவர் வரவில்லை என்று குறையாக எடுக்கமாட்டார்கள். இரண்டு மணி நேரக் கார் பயணத் தூரத்தில் இருந்துகொண்டு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கார் இல்லை, பெற்றோருக்கு இரண்டு வேலை என்றால் அதைக் கவுன்சிலர் தன் கடிதத்தில் ஒரு வரி எழுதலாம்.

மேப்பிள்நிழல்:
செய்யக்கூடாததையும் சொல்லிவிடலாம். பதிந்துவிட்டு வராமல் போவது. அதுவும் பதிவாகும், முடியாவிட்டால் முதல் நாளே ரத்து செய்யுங்கள். அப்பா பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல் எழுதுவது. மொழிநடையைப் பார்த்தாலே தெரியும். இணையதளத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விஷயத்தைக் கேட்பது. வாரம் ஒரு கடிதம் போடுவது.

உங்கள் பகுதிக்குப் பொறுப்பான ஆபீஸர் யார் என்பது அட்மிஷன் பக்கத்தில் இருக்கும். அவருக்கு ஆண்டு முழுவதும் இரண்டு அல்லது மூன்று கடிதம் போதும். தலைப்பு வரியில் பெயர், ஸ்கூல், ஊர், படிப்பு முடிக்கும் ஆண்டு. உள்ளே ஐந்து வரி: நான் யார், எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டேன், அதில் எது மனதில் நின்றது, ஒரு கேள்வி, நன்றி. கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்றால், "உங்கள் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்டா" என்று கேட்காமல், "கம்ப்யூட்டர் சயின்ஸோடு மொழியியலும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் பாட நேரங்கள் மோதுகின்றனவா, அப்படிப் படிக்கும் மாணவர் யாரிடமாவது பேச முடியுமா" என்று கேளுங்கள்.

வேப்பம்பூ:
தேர்வாகிவிட்டால் பயணத்தில் கவனிக்க வேண்டியது? முதல்முறை தனியாகப் பறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயம் இருக்கிறது.

மேப்பிள்நிழல்:
டிக்கெட்டைக் காலேஜே நேரடியாகப் போடுகிறதா, நீங்கள் போட்டு ரசீது கொடுத்தால் திருப்பித் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். திருப்பித் தரும் முறை என்றால் வாரக்கணக்கில் ஆகும். "எங்களால் முன்பணம் போட முடியாது, நீங்களே போட்டுத் தர முடியுமா" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இந்த ஏற்பாடே அதற்காகத்தான், பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். பெட்டிக் கட்டணம் யாருடையது என்றும் அப்போதே கேளுங்கள். முடிந்தால் ஒரே முதுகுப்பையில் அடக்கிவிடுங்கள்.

18 வயதுக்குட்பட்டவருக்கு உள்நாட்டுப் பயணத்தில் பாதுகாப்புச் சோதனையில் அடையாள அட்டை கட்டாயமில்லை, இருந்தாலும் ஸ்கூல் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும். 18 முடிந்தவருக்கு 2025 மே 7 முதல் ரியல் ஐடி (மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ப மாநிலம் தரும் அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் போன்ற ஏற்கப்பட்ட அட்டை வேண்டும். 12ஆம் வகுப்புத் தொடக்கத்தில் 18 ஆகிவிடும் பிள்ளைகள் உண்டு, தேதியைப் பாருங்கள். பெரிய விமானக் கம்பெனிகள் 15 வயதுக்கு மேல் தனியாகப் பறக்க அனுமதிக்கின்றன.

இந்தக் காலேஜ்கள் பல சிற்றூரில் இருக்கும். போடனுக்கு மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இறங்கி அரை மணி நேரம், கிரின்னெலுக்கு டி மாயினில் இறங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம், வில்லியம்ஸுக்கு ஆல்பனியில் இறங்கி ஒரு மணி நேரம். காலேஜ் வண்டி குறிப்பிட்ட நேரங்களில்தான் வரும். விமானம் தாமதமானால் கூப்பிட வேண்டிய எண்ணைக் கடிதத்திலிருந்து ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் உதவும்.

பெற்றோர் கையெழுத்துப் படிவம், மருத்துவ விவரம், இன்ஷூரன்ஸ் அட்டையின் நகல் மூன்றும் முன்கூட்டியே போக வேண்டும். கையெழுத்து வராமல் கடைசி நேரத்தில் இடம் பறிபோவது நடக்கும். உணவுக் கட்டத்தில் "சைவம்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சூப்பில் கோழிச்சாறு இருக்கும். "முட்டை, மீன், இறைச்சிச்சாறு எதுவும் கூடாது" அல்லது "மாட்டிறைச்சி கூடாது" அல்லது "ஹலால்" என்று தெளிவாக எழுதுங்கள்.

தங்குவது பெரும்பாலும் ஒரு மாணவரின் அறையில், தரையில். ஸ்லீப்பிங் பேக் கொண்டுவரச் சொன்னால், இல்லை என்று எழுதுங்கள், தருவார்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடாப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அக்டோபர் இரவில் மெய்னிலும் மாசச்சூசெட்ஸ் மலைப்பகுதியிலும் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். கனமான ஜாக்கெட் ஒன்று, நடக்க வசதியான மூடிய ஷூ. அக்டோபரில் எஸ்ஏடி தேர்வுத் தேதியும் வரும், மோதுகிறதா என்று பாருங்கள்.

கோப்புமேசை:
அங்கே போய் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். நூலகமும் ஜிம்மும் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும்.

புறப்படும் முன் அந்தக் காலேஜின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடும் இணையப் பக்கம்) குடும்ப வருமானத்தைப் போட்டு, வந்த எண்ணை அச்சிட்டு எடுத்துப்போங்கள். நிதியுதவி ஆபீஸில் 20 நிமிடம் கேட்டு வாங்கி அந்தத் தாளை முன்னால் வையுங்கள். உதவியில் கடன் சேர்ந்திருக்கிறதா? வளாக வேலையில் எத்தனை டாலர் சம்பாதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? இரண்டாம் ஆண்டில் தம்பி, தங்கை காலேஜ் சேர்ந்தால் கணக்கு எப்படி மாறும்?

மாணவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. குளிர்கால விடுமுறையில் ஹாஸ்டல் திறந்திருக்குமா, சாப்பாட்டுக் கூடம் நடக்குமா? வீட்டுக்குப் போக டிக்கெட் காசு இல்லாதவர் என்ன செய்கிறார்? புத்தகம் யார் செலவு? பல் வலி வந்தால் எங்கே போவது? காலேஜ் ஆட்கள் மேடையில் சொல்லும் பதிலையும் ஹாஸ்டல் மாணவர் இரவு 11 மணிக்குச் சொல்லும் பதிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்: உட்கார்ந்த வகுப்பின் பெயர், அதில் எழுந்த கேள்வி, பேசிய மாணவர் படிக்கும் துறை. டிசம்பரில் எஸ்ஸே எழுதும்போது இந்த நோட்டுதான் பேசும். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் ஆபீஸருக்கு நன்றி மின்னஞ்சல் ஒன்று.

தாழ்வாரம்:
எர்லி டிசிஷன், குவெஸ்ட்பிரிட்ஜ் இரண்டும் இதோடு எப்படிப் பொருந்தும்?

நுழைவுச்சீட்டு:
எர்லி டிசிஷன் என்பது "இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன்" என்ற ஒப்பந்தம். அதைவிடப் பெரிய ஆர்வச் சான்று கிடையாது. முதல் சுற்று வழக்கமாக நவம்பர் 1 அல்லது 15, இரண்டாம் சுற்று ஜனவரி தொடக்கம். நிதியுதவி போதவில்லை என்றால் விடுவித்துக்கொள்ள முடியும், ஆனால் வேறு காலேஜ்களின் உதவித் தொகையோடு ஒப்பிட வாய்ப்பு போய்விடும். கால்குலேட்டர் எண் கைக்கு அடங்கினால் மட்டும் போடுங்கள்.

குவெஸ்ட்பிரிட்ஜ் என்பது வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் காலேஜ்களோடு இணைக்கும் அமைப்பு. அதன் மேட்ச் திட்டத்துக்கு விண்ணப்பம் செப்டம்பர் கடைசியில் முடியும், முடிவு டிசம்பர் 1. நால்வர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 65,000 டாலருக்குள் என்பது அவர்கள் சொல்லும் வழக்கமான அளவு. 15 காலேஜ் வரை வரிசைப்படுத்தலாம், பொருந்தினால் நான்கு ஆண்டுக்கும் முழு உதவி. அமெரிக்க ஹைஸ்கூலில் படிக்கும் எச்-4 பிள்ளையும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும். ஃப்ளை-இன் எஸ்ஸேக்களைக் கோடையிலேயே எழுதி முடித்த பிள்ளைக்கு குவெஸ்ட்பிரிட்ஜ் எஸ்ஸேயில் பாதி வேலை முடிந்திருக்கும்.

பனைஓலை:
யாழ்ப்பாணம், சென்னைப் பக்கம் இருந்து நேரடியாக விண்ணப்பிக்கிற பிள்ளையளுக்கு ஏதாவது வழி இருக்கோ?

கோப்புமேசை:
ஃப்ளை-இன்களில் பெரும்பான்மை அமெரிக்காவில் படிப்பவர்களுக்குத்தான். கடல் கடந்து டிக்கெட் போட்டு அழைப்பதை எதிர்பார்க்க வேண்டாம். வளாகம் பார்ப்பதற்காக மட்டும் சொந்தச் செலவில் பி-2 (சுற்றுலா) விசா எடுத்துப் பறப்பதும் தேவையில்லை, வரவில்லை என்று எந்தக் காலேஜும் குறை வைக்காது.

சென்னையிலும் கொழும்பிலும் எஜுகேஷன் யுஎஸ்ஏ (அமெரிக்காவில் படிப்பது பற்றி அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் அமைப்பு) ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. காலேஜ் பிரதிநிதிகள் வரும் நாட்களை அங்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் கூட்டங்களில் பதிவு அப்படியே ஏறும். நேர அட்டவணையைப் பார்த்துச் சேருங்கள், நியூயார்க்கில் மாலை 7 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் விடிகாலை. அடுத்தது இன்னும் முக்கியம். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் பல காலேஜ்கள் அதையும் எடைபோட்டுத்தான் இடம் தரும். உதவி கேட்பதைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பவை ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடன் போன்ற மிகச் சில. மற்ற இடங்களில் எவ்வளவு ஆர்வம் காட்டினாலும் காசுக் கணக்கே முன்னால் நிற்கும். பட்டியல் போடும்போதே அதைப் பாருங்கள்.

வேப்பம்பூ:
கடைசியாக ஒன்று. ஃப்ளை-இன் கிடைக்கவில்லை, அட்மிஷனும் டிஃபர் (முடிவு தள்ளிவைப்பு) அல்லது வெயிட்லிஸ்ட் ஆகிவிட்டது. அப்போது?

மேப்பிள்நிழல்:
தொடர் ஆர்வக் கடிதம் ஒன்று, ஒரே ஒன்று. காலேஜ் "அனுப்ப வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். போர்ட்டலில் படிவம் இருந்தால் அங்கேயே. ஒரு பக்கத்துக்குள்: இடம் கிடைத்தால் வருவேன் என்பது நிஜமானால் அந்த வரி, அப்ளிகேஷனுக்குப் பிறகு வந்த மதிப்பெண்கள், புதிதாகச் செய்த ஒன்றிரண்டு. பழைய சாதனைகளைத் திரும்ப எழுத வேண்டாம். பரிந்துரைக் கடிதங்களைக் குவிக்கவும் வேண்டாம்.

வேறு காலேஜில் இடம் கிடைத்து, வளாகத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால், மார்ச் கடைசியில் கடிதம் வந்த அன்றே "இடம் கிடைத்தவர்களுக்கான வருகைக்குப் பயண உதவி உண்டா" என்று கேளுங்கள். ஏப்ரலில் நடக்கும் அந்த வருகைகளுக்குப் பல காலேஜ்கள் டிக்கெட் தருகின்றன. முடிவு சொல்ல வேண்டிய நாள் வழக்கமாக மே 1, அதனால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.